பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கொழிஞ்சாம்பாறைக் கட்டுத்தரை வரை: வளர்ப்புக்கு வாங்கும் மாட்டை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவர என்னென்ன வேண்டும்?

போன மாதம் ஒரு சந்தை நாளில் என் தங்கை வீட்டுக்காரர் பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டார்.

"மச்சா, நாலு பல்லுக் கிடேரி ஒண்ணு முடிச்சிட்டனுங்க. சினை அஞ்சு மாசம்ங்கிறாங்க. சாயங்காலமே ஏத்தீரலாமுங்களா?"

"காதுல மஞ்சள் டேக் இருக்குதுங்களா, மாப்ள?"

"அதை நான் பாக்கலீங்களே."

"அட்வான்ஸ் மட்டும் குடுத்துட்டு வாங்க. மாடு இன்னும் கொஞ்ச நாள் அவங்க கட்டுத்தரையிலயே நிக்கட்டும்."

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிற எங்களுக்கு எல்லை என்பது பெரிய விஷயமே இல்லை. இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம்தான். கோபாலபுரத்தைத் தாண்டுவதை அடுத்த ஊருக்குப் போவதாகவே நினைக்கிறோம். மாடு அப்படி இல்லை. அதன் கால் இந்தப் பக்கம் பட்டதும் வேறொரு மாநிலத்தின் மாட்டுக் கூட்டத்துக்குள் அது நுழைந்துவிடுகிறது. சித்தூர் தாலுகா கேரளத்திலேயே பால் அதிகம் கறக்கும் பகுதிகளில் ஒன்று. ஒரு வீட்டு மாடு நோயோடு வந்தால், ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கிற நூறு வீட்டு மாடுகளுக்கும் அது வந்து சேரும்.

அன்றைக்குப் போனில் பாதியும் பிறகு வீட்டுத் திண்ணையில் மீதியுமாக அவருக்குச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து பசுவோ காளையோ வாங்கப் போகிறவர்களுக்காக இது.

அறுப்பு மாடும் வளர்ப்பு மாடும்

தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு மாடு ஏற்றிப் போகிற வண்டி என்றாலே அறுப்புக்குத்தான் என்று வழியில் பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வளர்ப்புக்கு வாங்கும் மாட்டின் கணக்கே வேறு. கன்றுக்கும் பாலுக்கும் வாங்குகிற பசு, கிடேரி, சேர்க்கைக்கு விடுகிற பொலிகாளை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். காங்கேயத்துப் பக்கம் பொலிகாளையைப் பூச்சிக்காளை என்பார்கள்.

அறுப்பு மாடு ஓரிரு நாளில் முடிந்துபோகும். வளர்ப்பு மாடு நம் கட்டுத்தரையில் எட்டு வருடம், பத்து வருடம் நிற்கும். மற்ற மாடுகளோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும், கன்று போடும், அதன் பால் நம் பிள்ளைகள் வயிற்றுக்குப் போகும். காளையாக இருந்தால் ஊரில் பருவத்துக்கு வருகிற பசுக்களிடமெல்லாம் போகும். ஆகவே வெளியே தெரியாத நோய் அதற்குள் இருந்தால் அதைப் பரப்ப அந்த மாட்டுக்கு வருடக்கணக்கில் அவகாசம் கிடைக்கிறது. கோமாரி வந்த மாடு வாயில் நுரை தள்ளி நம்மை எச்சரித்துவிடும். கன்று வீச்சு நோய் என்கிற புரூசெல்லோசிஸும் காசநோயும் அப்படி எச்சரிப்பதில்லை. மாடு கொழுகொழுவென்று இருக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு தீவனம் தின்னும்.

சட்டம் கேட்பவை எல்லாமே மூன்று கேள்விகளுக்குள் அடங்கும். இந்த மாடு நோயைக் கொண்டுபோகிறதா? வழியில் துன்பப்படுகிறதா? யாருடைய மாடு, எங்கே, எதற்குப் போகிறது? முதல் கேள்விக்கு 2009ஆம் ஆண்டின் விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதற்கு 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளும் இருக்கின்றன. மூன்றாவதற்குப் பதில் சொல்வது நம் கையில் இருக்கிற சீட்டுகள்.

கணக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது

பலரும் செய்கிற தவறு, வண்டி பேசிய பிறகு டாக்டரைத் தேடுவது. தடுப்பூசி போட்ட அன்றே மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடாது. கோமாரி ஊசி நன்றாகப் பிடிக்க இரண்டு மூன்று வாரமாவது ஆகும். சந்தையில் வாங்கி, மத்தியானம் ஊசி போட்டு, சாயங்காலம் ஏற்றினால் சீட்டில் ஊசி இருக்கும், மாட்டின் உடம்பில் பாதுகாப்பு இருக்காது. அதோடு பயணக் களைப்பும் சேரும்போது மாடு இன்னும் தளர்ந்துவிடும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது காதில் உள்ள மஞ்சள் டேக். அதில் 12 இலக்க எண் இருக்கும். மாட்டுக்கு ஆதார் என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்த எண்ணைச் சொன்னால் கால்நடை மருத்துவமனையில் பாரத் பசுதன் தளத்தில் பதிவைப் பார்த்து, மாட்டின் வயது, இனம், எப்போது என்ன ஊசி போட்டது, எப்போது சினை ஊசி போட்டது என்று சொல்லிவிடுவார்கள். தரகர் ஐந்து மாதச் சினை என்றால் பதிவும் அதையே சொல்கிறதா என்று அங்கேயே ஒத்துப் பார்க்கலாம். டேக் இல்லாமல் காதில் கிழிந்த தழும்பு மட்டும் இருந்தால், ஏன் அறுந்தது என்று கேளுங்கள். முள்வேலியில் மாட்டி அறுவதும் உண்டு. சரியான பதில் வராவிட்டால் அந்த மாட்டை விட்டுவிடுங்கள். பதில் சரியாக இருந்தாலும் புதிய டேக் போட்டுப் பதிவு செய்த பிறகே பணம் கொடுங்கள். மாடு கை மாறியதையும் அந்தப் பதிவில் மாற்றச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இங்கே இன்சூரன்ஸ் எடுக்கும்போது மாடு இன்னும் பழையவர் பெயரில்தான் நிற்கும்.

இப்போது ஊசிகள். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மத்திய அரசின் கோமாரி, புரூசெல்லோசிஸ் ஒழிப்புத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியது. அதன்படி இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். புரூசெல்லோசிஸ் ஊசி கிடேரிக் கன்றுக்கு மட்டும், நாலு முதல் எட்டு மாத வயதுக்குள், வாழ்நாளில் ஒரே தடவை. பெரிய மாட்டுக்கு அதைப் போட மாட்டார்கள். அதனால் "இப்பப் போட்டுத் தர்றேனுங்க" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் அந்தந்தப் பகுதியில் போடுகிற வழக்கப்படி. பிறகு பெரியம்மை எனும் தோல் கழலை நோய். இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் தென்பட்டு, 2022இல் வடமாநிலங்களில் மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற நோய் அது. அப்போது பல மாநிலங்கள் சந்தைகளை மூடி, எல்லையில் மாடு நடமாட்டத்தையே நிறுத்தின. எங்காவது நோய் கிளம்பினால் அந்தப் பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து மாடு உள்ளே வெளியே போவதைத் தடுக்க 2009 சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகையால் புறப்படுவதற்கு முன் மாடு நிற்கும் ஊர் மருத்துவமனைக்கு ஒன்று, நம் ஊர் மிருகாஸ்பத்திரிக்கு ஒன்று என இரண்டு போன் கட்டாயம் செய்யுங்கள். "இப்ப மாடு கொண்டுவரலாமுங்களா?" என்று கேட்டால் போதும். இந்த ஒரு கேள்வியால் பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற அவஸ்தை மிச்சமாகும்.

ரத்தப் பரிசோதனை: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு வாங்கினேன். இரண்டாம் ஈத்து, நல்ல மடி, சாதுவான குணம். எந்தப் பரிசோதனையும் செய்யவில்லை. ஊசிச் சீட்டு இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். ஏழாம் மாதத்தில் கன்று வீசிவிட்டது, அதாவது சினை கலைந்து விழுந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியது, நானே வெறுங்கையால் எடுத்தேன். அடுத்த ஆறு மாதத்துக்குள் என் கட்டுத்தரையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு கிடேரிகளும் கன்று வீசின. அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். மூன்றுக்குமே புரூசெல்லா. என் அம்மா கையால் தடவி வளர்த்த கிடேரிகள் அவை. அன்றைக்கு அம்மா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புரூசெல்லா மாட்டோடு நிற்பதில்லை, மனிதருக்கும் வரும். காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், மூட்டு வலிக்கும், என்னவென்று தெரியாமல் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. காய்ச்சாத பால் மூலமும், கன்று போடும்போது நஞ்சையும் நீரையும் வெறுங்கையால் தொடுவதாலும் பரவுகிறது. எனக்கு வராதது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பரிசோதனை பெரிய காரியமில்லை. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு சொட்டையும் ரோஸ் பெங்கால் என்கிற இளஞ்சிவப்பு மருந்தில் ஒரு சொட்டையும் கண்ணாடித் தட்டில் கலப்பார்கள். சில நிமிடத்தில் திரிதிரியாகத் திரண்டால் சந்தேகம். அப்புறம் உறுதிப்படுத்த வேறு சோதனை செய்வார்கள். குட்டிக் கன்றாக இருந்தபோது தடுப்பூசி போட்ட மாடு என்றால் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிவைப் படிக்க அது உதவும்.

காசநோய்க்கு வேறு முறை. கழுத்துத் தோலுக்குள் சிறிது டியூபர்குலின் ஏற்றி, தோலின் தடிமனை அளந்து வைப்பார்கள். 72 மணி நேரம் கழித்துத் திரும்ப அளப்பார்கள். நடுவே மூன்று நாள் மாடு அங்கேயே நிற்க வேண்டும். சந்தையில் வாங்கி அன்றே ஏற்றுகிறவருக்கு இது முடியாது. சந்தையில் மாட்டைப் பார்த்தாலும், விற்கிறவர் வீட்டுக் கட்டுத்தரைக்குப் போய் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். அங்கே போனால் மற்ற மாடுகளையும் பார்க்கலாம். அந்த வீட்டில் கன்று வீசிய மாடு இருக்கிறதா, மூன்று நாலு தடவை ஊசி போட்டும் சினை நிற்காத மாடு இருக்கிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் எல்லையில் கேட்பார்களா என்றால், ஒரு வீட்டுக்கு ஒரு பசு கொண்டுபோகிறவரிடம் பெரும்பாலும் சான்றிதழும் ஊசி விவரமும்தான் பார்ப்பார்கள். செக்போஸ்ட் கேட்கவில்லை என்பதற்காக இந்தச் சோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதாக, உண்ணிக் காய்ச்சல்கள். தைலேரியா, பபேசியா, அனாபிளாஸ்மா என்று மூன்று. கலப்பின மாட்டின் ரத்தத்தில் இவை சத்தமில்லாமல் கிடக்கும். வண்டியில் நின்று, தீவனம் மாறி, மழை நனைந்து மாடு தளரும்போது தலை தூக்கும். தமிழ்நாட்டில் நன்றாக இருந்த மாடு இங்கே வந்து பத்து நாளில் படுத்துவிட்டது என்று நாம் கேள்விப்படுகிற கதைகளில் பல இதுதான். ஊரில் அதைக் கண்ணேறு என்றும் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்வார்கள். காதுமடலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்த்தால் பல நேரம் தெரிந்துவிடும். ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் சொல்கிற மருந்தால் உண்ணியைப் போக்கிவிடுங்கள். காதுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் நடுவில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

புறப்படும் நாள் சான்றிதழ்

1978 விதிகளின்படி, மாட்டை ரயிலிலோ ரோட்டிலோ கொண்டுபோக ஒரு தகுதிபெற்ற கால்நடை மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். மாடு பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லாதது என்று அதில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டிக்காரர் மாட்டை ஏற்ற மறுக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. விதிகளோடு உள்ள படிவத்தில், புறப்படுவதற்கு முன் 12 மணி நேரத்துக்குள் மாட்டைப் பார்த்தேன் என்று மருத்துவர் எழுதுகிறார். அதனால் முந்தின வாரச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதில் பொருளில்லை.

அந்தப் பழைய படிவத்தில் வெக்கை நோய்க்கு ஊசி போட்டதா என்றும் ஒரு வரி இருக்கிறது. வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் அது. என் தாத்தா அந்தப் பெயரையே வாயால் சொல்ல மாட்டார். ஊர் ஊராக ஊசி போட்டு, எல்லைகளில் மாட்டை நிறுத்திப் பார்த்து ஒழித்தார்கள். செக்போஸ்டில் ஒருவர் காதைத் திருப்பி டேக் எண்ணை வாசிக்கும்போது எனக்கு அந்த நினைவு வரும்.

சான்றிதழில் டேக் எண், பால் மாடா சேர்க்கைக் காளையா, இனம், வயது, சினை மாதம், எங்கிருந்து எங்கே, எந்த வழியாக, ஊசிகளின் பெயரும் தேதியும் எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். "வளர்ப்புக்கும் பாலுக்கும்" என்ற சொல் அதில் இருப்பது முக்கியம். அதோடு விற்றவரிடம் எழுதி வாங்கிய விலைச் சீட்டு அல்லது சந்தைச் சீட்டு, இரண்டு பக்கத்து முகவரிச் சான்று, ஊசி அட்டை, பரிசோதனை முடிவுகள். வங்கிக் கடனிலோ மானியத் திட்டத்திலோ வாங்கினால் அந்த உத்தரவின் நகலும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓட்டுநரிடம் கொடுங்கள், போட்டோ எடுத்து உங்கள் கைபேசியிலும் வையுங்கள்.

வண்டியில் இடம்

ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டருக்குக் குறையாமல் இடம் வேண்டும். நம் கணக்கில் சுமார் இருபத்தொன்றரைச் சதுர அடி. எட்டடி நீளம் ஐந்தடி அகலமுள்ள சிறிய வண்டித் தொட்டி நாற்பது சதுர அடி. அதில் இரண்டு மாடு ஏற்றினால் விதி மீறல், ஒன்றுதான் சரி. ஒன்பதடிக்கு ஐந்தரையடி பிக்கப் என்றால் இரண்டு. எவ்வளவு பெரிய லாரியாக இருந்தாலும் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. 2016 முதல் மோட்டார் வாகன விதிகளும் கடுமையாகிவிட்டன. மாடு ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும், அப்படி மாற்றிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகம் தனி உரிமம் தர வேண்டும். வண்டி பேசும்போது வாடகைக்கு முன் இதைக் கேளுங்கள்.

தரையில் வழுக்காமல் தென்னைநார்ப் பாயோ பலகையோ போட வேண்டும். மாட்டோடு ஒரு மூட்டை தீவனம் விற்பனைக்கு ஏற்றிவரலாமே என்று ஓட்டுநர் ஆசைப்படுவார், வேறு சரக்கு கூடாது. வழித் தீவனமும் தண்ணீரும் மட்டும். மாட்டோடு ஒரு ஆள், கால்நடை முதலுதவிப் பெட்டி, அனுப்புகிறவர் பெறுகிறவர் பெயர் முகவரி போன் எண்ணைப் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதிய அட்டை எல்லாம் விதியிலேயே உள்ளவை. மாடு முடிந்தவரை எஞ்சினைப் பார்த்து நிற்கட்டும், பிரேக் போடும்போது அதிர்ச்சி குறையும். மூக்கணாங்கயிற்றில் கட்டி ஓட்டாதீர்கள். திருப்பத்தில் சாய்ந்தால் மூக்கே கிழிந்துவிடும், தலைக்கயிறுதான் நல்லது. வண்டிக்கு மேலிருந்து கீழே தள்ளி இறக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பலகைச் சாய்வு இல்லாத இடத்தில் மண்மேட்டுக்குப் பக்கத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தால் அரை மணியில் வேலை முடியும். சினை மாட்டை அப்படித் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், சண்டை போட்டாவது நிறுத்துங்கள்.

நிறைசினை மாட்டை ஏற்றாதீர்கள். ஒன்பது மாதம் ஒன்பது நாள் சுமக்கிற பசு, கடைசி இரண்டு மாதத்தில் வண்டி ஏறக்கூடாது. இளங்கன்றுகளோடு நிறைசினையைக் கலந்து ஏற்றக்கூடாது என்று விதியும் சொல்கிறது. மூன்று முதல் ஆறு மாதச் சினையில் கொண்டுவருவதே எனக்குத் தெரிந்தவரை நல்லது.

எல்லையோரத்தில் நடத்தியே கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் 2001இல் தனி விதி வந்தது. பொழுது விடியும் முன்போ சாய்ந்த பிறகோ நடத்தக்கூடாது. கன்று போட்டு 72 மணி நேரம் ஆகாத மாடு, நொண்டுகிற மாடு, வழியில் கன்று போடக்கூடிய மாடு நடக்கக்கூடாது. பசுவுக்கு நாளைக்கு 30 கிலோமீட்டர்தான் உச்சம், இரண்டு மணிக்கொரு முறை தண்ணீர். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எவ்வளவு அடித்தாலும் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் சினைக் கிடேரியை நடத்துவது கொடுமைதான்.

விதி மீறினால் என்ன ஆகும்? 1960 சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அதைக் கேட்டுச் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆனால் மாட்டைப் பறிமுதல் செய்தால் வழக்கு முடியும் வரை அது கோசாலையில் நிற்கும். 2017இல் வந்த விதிப்படி அதன் பராமரிப்புச் செலவு மாட்டை அனுப்பியவர், வண்டிக்காரர் என எல்லோர் தலையிலும் விழும். வீட்டில் தினமும் கறக்க வேண்டிய மாடு வேறெங்கோ மடி கட்டி நிற்கும்.

காளை என்றால் இன்னும் கவனம்

எங்கள் பக்கம் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்காகவும் நாட்டினப் பற்றாலும் காங்கேயம் காளை வாங்கும் ஆசை கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் பொலிகாளையை ஊர் மாடுகளுக்கு விட நினைத்தால் புரூசெல்லா, காசநோயோடு டிரைகோமோனாஸ், கேம்பைலோபாக்டர் என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இவை காளையின் குறித்தோலுக்குள் வசிக்கும். காளைக்கு ஒரு குறையும் தெரியாது, அது சேர்ந்த பசுக்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்துகொண்டே இருக்கும். பசுவைத்தான் மலடு என்பார்கள். குறித்தோலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

நாட்டினக் கன்று மட்டும்தான் வேண்டும் என்றால் காளையை எல்லை தாண்ட வைக்கவே தேவையில்லை. பரிசோதித்த காளைகளின் விந்து 0.25 மில்லி குச்சிகளாக, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் நாடு முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் தோணியிலேயே கேரள கால்நடை வளர்ச்சி வாரியத்தின் காளைப் பண்ணை இருக்கிறது. வேண்டிய இனத்தின் விந்துக் குச்சி கிடைக்குமா என்று மிருகாஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்.

செக்போஸ்டில்

வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வழி பல. கால்நடைத் துறைச் சோதனை நடக்கிற வழியாகவே வாருங்கள். வண்டியை நிறுத்தி, நீங்களே போய் உறையை நீட்டுங்கள். டேக்கைப் பார்ப்பார்கள், வாயையும் குளம்பையும் தோலையும் பார்ப்பார்கள். சீட்டில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு இன்சூரன்சுக்கும் மானியத்துக்கும் அது கேட்கப்படும். தோட்டத்து வழியாகப் போனால் சோதனை இல்லை என்று சிலர் சொல்லித் தருவார்கள். அந்த வழியாக வந்த மாட்டால் நோய் கிளம்பினால் எங்கிருந்து வந்தது என்று யாராலும் தேட முடியாது.

வந்த பிறகு 21 நாள்

மாடு வந்ததும் ஆரத்தி எடுங்கள், பொட்டு வையுங்கள், ஆனால் கட்டுத்தரைக்குள் விடாதீர்கள். தென்னந்தோப்பின் கோடியில், மற்ற மாடுகளின் மூச்சும் தண்ணீரும் படாத இடத்தில் ஒரு கொட்டகை போதும். கோமாரி உடம்பில் புகுந்து வெளிப்பட இரண்டு வாரம் வரை ஆகும். அதனால்தான் 21 நாள் கணக்கு. தனி வாளி, தனிக் கயிறு. பழைய மாடுகளைக் கறந்து முடித்த பிறகே இதைக் கறக்க வேண்டும். வாசலில் சலவைச் சோடாக் கரைசலில் கால் நனைத்து வாருங்கள், பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம், கோமாரிக் கிருமிக்கு அது போதும்.

பழைய வீட்டில் தின்ற தீவனத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சேர்த்தே வாங்கி வாருங்கள். சோளத்தட்டு தின்று பழகிய மாட்டுக்கு ஒரே நாளில் வைக்கோலும் புதுத் தீவனமும் வைத்தால் வயிறு கெட்டுப்போகும். காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள். 103 டிகிரியைத் தாண்டினாலோ, தோளுக்கு முன்னால் முடிச்சு வீங்கினாலோ, சிறுநீர் காப்பி நிறமானாலோ அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரரின் கிடேரிக்கு ஊசியும் சோதனையும் முடிந்து, ஒரு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் தனியாக ஒரு வண்டியில் வந்தது. புரூசெல்லா இல்லை என்றுதான் சீட்டு. ஆனாலும் அது கன்று போடும் நாள் வரை தோப்பிலேயே நிற்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். சினைக் கிடேரியில் இந்த நோய் சில நேரம் ரத்தத்தில் தெரியாமல் ஒளிந்திருந்து, கன்று போட்ட பிறகுதான் பரிசோதனையில் வெளிப்படும். கன்று விழுந்ததும் கையுறை போட்டு நஞ்சை எடுத்து, சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும். மூன்று வாரம் கழித்துத் திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும். அந்த முடிவு வந்த பிறகு அவர் அதைப் பெரிய தொட்டிக்கு ஓட்டிப் போகலாம்.